வாசலும் கொல்லையும்: ஓடும் காருக்குள் காற்று போகும் வழி

ஐப்பசி அடைமழை. திண்டிவனம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். காருக்குள் ஐந்து பேர், நனைந்த குடை இரண்டு, பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வரும் நிலையில் ஒரு துண்டு. முன்கண்ணாடி உள்பக்கமாக வெளுத்துக்கொண்டே வந்து, முன்னால் போன லாரியின் பின்விளக்கு வெறும் சிவப்புத் தீற்றலாகத் தெரிந்தது.

"ஏசியை நிறுத்துப்பா. அந்தக் குளிர்லதான் கண்ணாடியில பனி பிடிக்குது" என்றார் பின்சீட்டில் இருந்த சித்தப்பா.

"ஏசி இருக்கட்டும் மாமா, பக்கத்துக் கண்ணாடிய ரெண்டு விரக்கடை இறக்குங்க" என்றான் மைத்துனன்.

அம்மா எதுவும் சொல்லாமல் அந்த ஈரத் துண்டை நீட்டினார். நான் எனக்குத் தெரிந்த பட்டன்களையெல்லாம் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் மனதில் வைத்திருந்தது 'ஏசி' என்ற ஒரே சொல்லைத்தான். ஆனால் ஆளுக்கொரு பொருளில். காருக்குள் காற்று வருவது ஒரு வேலை. வந்த காற்றைக் குளிர்விப்பது வேறொரு வேலை. அதன் ஈரத்தை எடுப்பது, சூடேற்றுவது, முகத்துக்கோ காலுக்கோ கண்ணாடிக்கோ திருப்புவது எல்லாம் தனித்தனி. இவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால் டாஷ்போர்டில் உள்ள திருகுகள் பெரிய புதிராக இருக்காது. முதலில் காற்றைப் பார்ப்போம், குளிர்ச்சி பிறகு.

## காற்றுக்கு இரண்டு கதவு வேண்டும்

பழைய ஊர் வீடுகளில் வாசலில் நின்றால் கொல்லை தெரியும். இரண்டு கதவும் திறந்திருந்தால் கூடத்தில் படுத்திருப்பவருக்கு விசிறி தேவைப்படாது. கொல்லைக் கதவைச் சாத்திவிட்டால், வாசல் அகலத் திறந்து கிடந்தாலும் புழுக்கம்தான். உள்ளே இருக்கும் காற்று போக வழியில்லை என்றால் வெளிக்காற்று நுழைய இடம் ஏது?

காரையும் இந்தக் கணக்கில்தான் கட்டியிருக்கிறார்கள். கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தாலும் அதற்கு ஒரு வாசலும் ஒரு கொல்லையும் உண்டு.

வாசல், முன்கண்ணாடியின் அடிவாரத்தில் இருக்கிறது. வைப்பர்கள் படுத்திருக்கும் இடத்துக்குக் கீழே கறுப்பு பிளாஸ்டிக் சல்லடை ஒன்று ஓடும். வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினால் சருகு போய்ச் சேருவது அங்கேதான். ஏன் அந்த இடம்? ஆற்றுப் பாலத்தின் தூணைக் கவனித்திருப்பீர்கள். நீர் வந்து மோதும் பக்கத்தில் மட்டம் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். அதுபோலத்தான், பானட் மேல் வழுக்கி வரும் காற்று முன்கண்ணாடியின் சரிவில் மோதி வேகம் குறைகிறது. பின்னால் வரும் காற்று அதன்மேல் நெருக்குகிறது. இந்த நெருக்குதலைத்தான் அழுத்தம் என்கிறோம். அழுத்தம் கூடிய இடத்தில் ஒரு ஓட்டை வைத்தால் காற்று தானாக உள்ளே போகும்.

கொல்லைக்கதவு பெரும்பாலானோர் கண்ணில் படுவதே இல்லை. பின்பம்பருக்கு உட்பக்கமாகவோ டிக்கியின் பக்கச் சுவரிலோ சிறு ஜன்னல் போல ஒரு திறப்பு. அதில் ரப்பர் இதழ்கள் தொங்கும். உள்ளிருந்து தள்ளினால் இதழ் திறக்கும், வெளியிலிருந்து தள்ளினால் ஒட்டிக்கொள்ளும். கார் ஓடும்போது பின்பக்கம் காற்று அழுத்தம் குறைந்திருப்பதால் உள்காற்றை அது இழுத்துக்கொள்ளும். இப்படி ஒரு வழி இருப்பதை உணர எளிய சோதனை உண்டு. எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து, மற்றவரை ஒரு கதவை ஓங்கிச் சாத்தச் சொல்லுங்கள். காதில் லேசான அடைப்பு தட்டி உடனே விலகும். அந்த நொடியில் காற்று தப்பி ஓடிய முக்கிய வழி அதுதான். டிக்கியில் மூட்டை முடிச்சுகளை அடைத்து அந்தத் திறப்பை மூடிவிட்டால் கதவு சாத்துவதே கொஞ்சம் கடினமாகும். காற்றை உள்ளே தள்ளும் விசிறியின் வேலையும் தளரும்.

வேகத்துக்கும் இந்த அழுத்தத்துக்கும் உள்ள உறவு நேர்க்கணக்கு அல்ல. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 100 கிலோமீட்டரில் எதிர்க்காற்றை முழுதாகத் தடுத்து நிறுத்தினால் கிடைக்கும் அழுத்தம், 4 முதல் 5 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தத்துக்குச் சமம். 50 கிலோமீட்டரில் அது 1 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான். கண்ணாடி அடிவாரத்தில் இதில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்றாலும், காற்றைத் தள்ள அது போதும். புறவழிச் சாலையில் மின்விசிறியை அறவே நிறுத்திய பிறகும் வென்ட்டில், அதாவது டாஷ்போர்டில் காற்று வரும் திறப்பில், மெல்லிய காற்று வருவது இதனால்தான். அண்ணா சாலை சிக்னலில் நிற்கும்போது அந்தத் தள்ளுதல் சுத்தமாக இல்லை. விசிறி ஒன்றே கதி.

இந்த ஏற்பாடு புதிதல்ல. அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938-லேயே முன்கண்ணாடிக்குக் கீழிருந்து வெளிக்காற்றை எடுத்து, வடிகட்டி, சூடாக்கி உள்ளே அனுப்பும் முறையைக் காரில் வைத்தது. அதற்கு முன்பிருந்த ஹீட்டர்கள் பெரும்பாலும் உள்ளே இருந்த காற்றையே திரும்பத் திரும்பச் சூடாக்கின.

இதுவரை பார்த்தது: முன்கண்ணாடியின் கீழே அழுத்தம் கூடிய வாசல், பின்னால் அழுத்தம் குறைந்த கொல்லை. கார் ஓடினால் ஒன்று தள்ளும், மற்றது இழுக்கும். விசிறி துணைக்கு.

## கண்ணாடியை இறக்கினால் காற்று எங்கிருந்து வருகிறது?

இங்கேதான் பலருடைய ஊகம் தலைகீழாகிறது. முன்சீட்டுக் கண்ணாடியை இறக்கினால் காற்று முன்னாலிருந்து நுழைந்து பின்னால் போகும் என்று நினைப்போம். முகத்தில் காற்றடிப்பதால் அந்த எண்ணம் உறுதிப்படும். ஆனால் முன்கண்ணாடியின் ஓரத்தைச் சுற்றித் திரும்பும் காற்று அந்த வளைவில் வேகம் பிடிக்கிறது. வேகம் பிடித்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. அதனால் முன்கதவுக் கண்ணாடி அருகே உறிஞ்சும் தன்மை உண்டு. அதோடு ஒப்பிட்டால் பின்கதவுக் கண்ணாடி அருகே அழுத்தம் கூடுதல்.

கோவிட் காலத்தில், 2020-இல், அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓடும் காருக்குள் காற்று எப்படிப் போகிறது என்று கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். நான்கு கண்ணாடியும் திறந்திருக்கும்போது காற்று பெரும்பாலும் பின்கதவுக் கண்ணாடி வழியே நுழைந்து முன்கதவுக் கண்ணாடி வழியே வெளியேறியது. ஓட்டுநர் ஒருவர், பின்சீட்டில் குறுக்கு மூலையில் பயணி ஒருவர் என்றால், அவரவர் பக்கத்துக் கண்ணாடியைத் திறப்பதைவிட எதிர்ப்பக்கத்துக் கண்ணாடிகளைத் திறப்பது இருவருக்கும் நடுவே காற்றுத் திரை போலச் செயல்படுகிறது என்பதும் அதில் தெரிய வந்தது.

அம்பாசடர், பத்மினி கார்களின் முன்கதவில் ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி இருந்ததை வயதானவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அதைக் கொஞ்சமாகத் திருப்பினால் உள்காற்றை வெளியே இழுக்கும். முழுக்கத் திருப்பி எதிர்க்காற்றுக்குக் காட்டினால் அள்ளி முகத்தில் கொட்டும். அழுத்தம் என்ற சொல்லே தெரியாத ஓட்டுநர்கள் அதை வைத்து வித்தை காட்டினார்கள். பீடிப் புகை எந்தக் கோணத்தில் வெளியே போகும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஏசி வந்ததும் அந்த முக்கோணம் போய்விட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

வேகமாகப் போகும்போது பின்கதவுக் கண்ணாடி ஒன்றை மட்டும் இறக்கினால் காதுக்குள் 'தொப்பு தொப்பு' என்று அடிக்கும். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒலி எழும்புகிறதே, அதே சங்கதி. கார்தான் பாட்டில், ஜன்னல்தான் வாய். ஒலி அவ்வளவு தாழ்வாக இருப்பதால் காதில் அடியாக விழுகிறது. இன்னொரு கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினால் போதும், நின்றுவிடும்.

சன்ரூஃப் இருந்தால் அதன் பின்விளிம்பை மட்டும் தூக்கிப் பாருங்கள். கூரைமேல் காற்று விரைவதால் அங்கே அழுத்தம் குறைவு. உள்ளே மேலே தேங்கிய சூட்டை அது வெளியே இழுத்துவிடும். அதன் உண்மையான பயன் இதுதான் என்பது என் கட்சி. பிள்ளைகள் தலையை நீட்டி நிற்பதற்கு அல்ல.

## வென்ட்டுக்கு வரும் முன்

வாசல் வழி நுழைந்த காற்று நேராக உங்கள் முகத்துக்கு வருவதில்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. அதற்குள் காற்று போகும் வரிசையைத் தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும்.

முதலில் ஒரு தடுப்புப் பலகை. வெளிக்காற்றை விடுவதா, காருக்குள் இருக்கும் காற்றையே திரும்ப எடுப்பதா என்பதை முடிவு செய்வது அது. அடுத்து ஃபில்டர், தூசு வடிகட்டும் அட்டை. பல கார்களில் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் கைக்கு எட்டும். பிறகு புளோயர், அதாவது காற்றைத் தள்ளும் விசிறி. அதன் பிறகு கூலிங் காயில். அதைத் தாண்டி ஹீட்டர் காயில். கடைசியாகக் காற்றை முகம், கால், கண்ணாடி என்று பிரித்து அனுப்பும் மடல்கள்.

ஏசி பட்டன் இந்த வரிசையில் ஒரே ஒரு இடத்தைத்தான் தொடுகிறது: கூலிங் காயில். ஏசியை நிறுத்தினாலும் காற்று வரும், குளிராது, அவ்வளவுதான். விசிறியை நிறுத்தினால் குளிர்ச்சி இருந்தும் பயனில்லை. "ஏசியே வரல" என்று சொல்லிக்கொண்டு பணிமனைக்குப் போகும் வண்டிகளில் சிலவற்றுக்குக் கோளாறு வெறும் அழுக்கேறிய ஃபில்டர்தான். காற்று வருகிறது, குளிராமல் வருகிறது என்பது ஒரு கோளாறு. குளிர்கிறது, காற்று போதவில்லை என்பது முற்றிலும் வேறொன்று. மெக்கானிக்கிடம் இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே தேவையில்லாமல் கேஸ் நிரப்பும் செலவு மிச்சமாகலாம்.

## குளிர்ச்சியைக் கொண்டு வருவதில்லை, சூட்டைக் கொண்டு போகிறது

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கூலிங் காயிலில் நடப்பதும் இதுதான். தண்ணீருக்குப் பதிலாக, மிகக் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும் ஒரு திரவம் குழாய்க்குள் ஓடுகிறது. 'ஏசி கேஸ்' என்று நாம் சொல்வது அதைத்தான். அது காயிலுக்குள் ஆவியாகும்போது, வெளியே உரசிப் போகும் காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பானை நீர் ஆவியானால் போனதுதான். இங்கே அந்த ஆவியைப் பிடித்து, கம்ப்ரசர் என்ற அமுக்கும் எந்திரம் நெருக்கி, காரின் மூக்கில் ரேடியேட்டருக்கும் முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே சூட்டை வெளியே விட்டுவிட்டு மறுபடி திரவமாகித் திரும்புகிறது. சுற்று மூடிய சுற்று. கசிவு இல்லை என்றால் வருடா வருடம் நிரப்ப வேண்டிய அவசியமே இல்லை.

கண்டென்சர் சூட்டை விட வேண்டுமென்றால் அதன்மேல் காற்று படவேண்டும். ஓடும்போது எதிர்க்காற்று தாராளம். நின்றால், முன்னால் உள்ள மின்விசிறி இழுப்பதுதான். தவிர, பெட்ரோல், டீசல் கார்களில் கம்ப்ரசரை எஞ்சினின் பெல்ட் சுற்றுகிறது. எஞ்சின் மெல்லச் சுற்றினால் கம்ப்ரசரும் மெல்ல. வாசலில் தள்ளும் காற்றும் நின்றுபோன அதே வேளையில் இந்த இரண்டும் சேருகின்றன. சித்திரை வெயிலில் நெரிசலில் நிற்கும்போது ஏசி சோர்வதும், வண்டி நகர்ந்த இரண்டாம் நிமிடத்தில் உயிர் பெறுவதும் இதனால்தான். கோளாறு என்று பதற வேண்டியதில்லை. மின்சாரக் கார்களில் கம்ப்ரசர் தனி மோட்டாரில் ஓடுவதால் இந்தச் சோர்வு குறைவு.

இனி ஈரம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராமைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கூலிங் காயிலோ பெரும்பாலும் 0 டிகிரிக்குச் சில டிகிரி மேலேதான் இருக்கும். கடலோர ஊர்க் காற்று அதைத் தொட்டதும், தாங்க முடியாத நீர் சொட்டுச் சொட்டாகக் காயிலில் படிந்து, ஒரு குழாய் வழியே தரையில் வடிகிறது. நிறுத்திய காரின் அடியில் சிறு குட்டை தேங்குவது நல்ல அறிகுறி. அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே முன்சீட்டுக் கால் விரிப்பில் இறங்கும். காயில் எந்நேரமும் நனைந்திருப்பதால்தான் பூஞ்சை பிடித்து, ஏசி போட்டதும் அழுக்குத் துணி வாடை வருகிறது. வீடு சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசியை மட்டும் நிறுத்தி விசிறியை ஓட விட்டால் காயில் காயத் தொடங்கும், வாடை குறையும்.

நீண்ட பயணத்தில் சிலருக்கு வேறொரு அனுபவம். மணிக்கணக்காக ஓடிய பின் வென்ட்டில் காற்று வரவரக் குறைந்து, விசிறி இரைச்சல் மட்டும் கேட்கும். காயிலின் மேல் வடிய வேண்டிய நீர் பனிக்கட்டியாகி, காற்று போகும் சந்துகளை அடைத்துவிட்டது. ஏசியை நிறுத்தி விசிறியை வைத்தால் பத்து நிமிடத்தில் உருகி வழி விடும். அடிக்கடி நடந்தால் காயிலின் குளிரை அளக்கும் சென்சாரையோ ஃபில்டரையோ பார்க்கச் சொல்ல வேண்டும்.

நீலம், சிவப்பு போட்ட வெப்பத் திருகு பற்றி ஒன்று. அது காயிலைக் குறைவாகக் குளிரச் செய்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பழைய வகைக் கம்ப்ரசர் உள்ள பல கார்களில் காயில் எப்போதும் அதே குளிரில்தான் இருக்கும். திருகைச் சிவப்புப் பக்கம் நகர்த்தினால், குளிர்ந்த காற்றில் ஒரு பகுதி ஹீட்டர் காயில் வழியே போய்ச் சூடாகி வந்து கலக்கிறது. குளிக்கும் தண்ணீருக்கு விளாவுவது மாதிரி. ஹீட்டருக்கு வேண்டிய சூடு எஞ்சினைச் சுற்றி வரும் 90 டிகிரி அளவிலான கூலன்ட் நீரிலிருந்து ஓசியில் கிடைப்பது.

சுருக்கமாக: ஏசி காற்றின் சூட்டையும் ஈரத்தையும் எடுக்கிறது. ஹீட்டர் காயில் அதற்குப் பிறகு இருக்கிறது. 'பிறகு' என்ற இந்தச் சொல் இன்னும் சிறிது நேரத்தில் வேண்டும்.

## வளைந்த அம்பு போட்ட பட்டன்

கார் படத்துக்குள் ஒரு அம்பு வளைந்து திரும்பும் பட்டன். பெரும்பாலான வண்டிகளில் வாங்கிய நாள் முதல் அது அமுக்கியபடியே இருக்கும். "வெளிக்காத்து வந்தா ஏசி வீணாப் போயிரும்" என்று எங்கள் வீட்டில் அது சட்டம். அமுக்கினால் வாசல் பலகை மூடி, காருக்குள் இருக்கும் காற்றே மீண்டும் மீண்டும் காயிலுக்குப் போகும். ரீசர்குலேஷன் என்பது இதுதான். ஏற்கெனவே குளிர்ந்து உலர்ந்த காற்றை மறுபடி குளிர்விப்பது சுலபம் என்பதால் கார் சீக்கிரம் குளிரும், கம்ப்ரசருக்கும் பாரம் குறைவு. பெருங்குடிக் குப்பைக் கிடங்கைக் கடக்கும்போதோ, கரும்புகை கக்கும் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோதோ இதைவிட நல்ல நண்பன் கிடையாது.

ஆனால் மூச்சுக் கணக்கைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். நான்கு பேர் என்றால் 72 லிட்டர். பத்து நிமிடத்துக்கு 12 லிட்டர். நடுத்தரக் காரின் உள்ளிடம் சுமார் 3,000 லிட்டர். காற்று எங்கும் கசியவில்லை என்று வைத்துக்கொண்டால், பத்தே நிமிடத்தில் அது பத்து லட்சத்தில் 4,000 பங்கு கூடிவிடும். வெளிக்காற்றில் இருப்பது 420-க்குச் சற்று மேல். ஓடும் காரில் சந்து பொந்துகள் வழியே கொஞ்சம் காற்று மாறுவதால் இவ்வளவு வேகமாக ஏறாது, ஆனாலும் ஏறும். இதனால் யாரும் மூச்சு முட்டிச் சாவதில்லை. கொட்டாவி வரும், தலை கனக்கும், கண் சொக்கும். பின்சீட்டில் இருப்பவருக்கு அது சுகமான தூக்கம். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. நள்ளிரவு நெடுஞ்சாலையில் தூக்கம் தட்டினால் டீக்கடைக்கு முன்பே செய்யக்கூடியது அந்தப் பட்டனை எடுத்துவிடுவது. டீக்கு அது மாற்று அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புழுதிச் சாலையில் இன்னொரு வேடிக்கை. தூசு வராமலிருக்க எல்லாரும் அந்தப் பட்டனைத் தேடுவார்கள். வெளிக்காற்று முறையில் விசிறியைக் கூட்டி வைத்தால் காருக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூடும். கதவு ரப்பர், டிக்கி இடுக்கு எல்லாவற்றிலும் காற்று வெளிநோக்கிப் போகும். வரும் காற்றோ ஃபில்டர் வழியே மட்டும். உள்காற்று முறையில் அந்தத் தள்ளுதல் இல்லாததால், வண்டிக்குப் பின்னால் சுழலும் புழுதி இடுக்குகளில் புகுந்துவிடும். ஃபில்டர் நன்றாக இருந்தால் வெளிக்காற்றுதான் புழுதிக்கு நல்லது. முன்னால் போகிற வண்டியின் புழுதி மேகத்துக்குள் நுழையும் அந்த ஒரு நிமிடம் விலக்கு.

வெயிலில் காய்ந்த காரில் ஏறும்போது இரண்டும் வரிசையாக வேண்டும். நண்பகலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் 55 டிகிரியைத் தொடலாம், வெளியே 38. அந்த நேரத்தில் உள்காற்றையே சுற்ற விடுவது, கொதிக்கும் காற்றைக் குளிர வைக்க மல்லுக்கட்டுவது. முதலில் கண்ணாடிகளை இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டி, வெளியே இருக்கும் 38-ஐ உள்ளே வர விடுங்கள். பிறகு கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, வளைந்த அம்பு. நன்றாகக் குளிர்ந்ததும் அவ்வப்போது வெளிக்காற்று. வென்ட்டைக் கூரையைப் பார்த்துத் திருப்புங்கள். குளிர்ந்த காற்று கனமானது, தானாக இறங்கிப் பின்சீட்டு வரை பரவும்.

## இரண்டு பனி

இப்போது திண்டிவனத்துக்குத் திரும்பலாம்.

ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறது. டம்ளரிலிருந்து நீர் கசியவில்லை. சுற்றியுள்ள காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது. எந்த வெப்பத்துக்குக் கீழே போனால் காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்குமோ அதற்குப் பனிநிலை என்று பெயர். கண்ணாடியின் எந்தப் பக்கம் பனி பிடித்திருக்கிறது என்பதுதான் கேள்வி. விரலால் தொட்டுப் பார்த்தால் தெரியும். வைப்பரைப் போட்டுப் பார்த்தாலும் தெரியும்: துடைத்துக்கொண்டு போனால் வெளிப்பக்கம், போகாவிட்டால் உள்பக்கம்.

உள்பக்கப் பனி மழையிலும் மலையிலும் வருவது. வெளியே மழை கண்ணாடியைக் குளிர்விக்கிறது. உள்ளே ஐந்து பேரின் மூச்சும் ஈரத் துணியும் காற்றை ஈரமாக்குகின்றன. வளைந்த அம்பு அமுக்கியிருந்தால் அந்த ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. எங்களுக்கு நடந்தது இதுதான். எங்கள் வீட்டுச் சட்டப்படி பட்டன் அமுக்கியே இருந்தது. நான் பதற்றத்தில் ஏசியை வேறு நிறுத்தி நிறுத்திப் போட்டேன். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் காயிலில் படிந்திருந்த நீரும் ஆவியாகிக் கண்ணாடிக்கே வந்தது.

இதற்கு வேண்டியது: வெளிக்காற்று, ஏசி, காற்றுத் திசை முன்கண்ணாடிக்கு, அதோடு வெப்பத் திருகு சற்றுச் சிவப்புப் பக்கம். ஏசியும் ஹீட்டருமா ஒரே நேரத்தில் என்று கேட்பார்கள். முன்பு சொன்ன 'பிறகு' இங்கே பயன்படுகிறது. காற்று முதலில் கூலிங் காயிலில் ஈரத்தை இழக்கிறது, பிறகு ஹீட்டர் காயிலில் சூடாகிறது. உலர்ந்த, வெதுவெதுப்பான காற்று கண்ணாடியில் பட்டதும் பனி சில நொடிகளில் விலகும். ஊட்டி மலைப்பாதையில் மூட்டத்துக்குள் ஏறும்போதும் இதே வழிதான். விசிறி வடிவக் கண்ணாடியில் நெளியும் அம்புகள் போட்ட பட்டனை அமுக்கினால் பல கார்கள் இதில் பெரும்பகுதியைத் தாங்களே செய்துவிடும்.

வெளிப்பக்கப் பனி இதற்கு நேர் எதிர். சென்னையில் புழுக்கமான அதிகாலையில் வெளிக்காற்றின் பனிநிலை 25 டிகிரி வரை இருக்கும். ஏசிக் காற்று கண்ணாடியைத் தொட்டு அதை 22-க்குக் கொண்டுபோனால், வெளிப்பக்கம் டம்ளர் போல வியர்க்கும். வைப்பர் துடைக்கும், உடனே மறுபடி படியும். இங்கே காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி முகத்துக்கு விட வேண்டும், குளிரைக் குறைக்க வேண்டும்.

ஆக, சித்தப்பா சொன்னது சரிதான், ஆனால் வேறொரு பனிக்கு. மைத்துனன் சொன்னதும் வேலை செய்திருக்கும்: ஈரக்காற்று வெளியே போயிருக்கும், மழை உள்ளே வந்திருக்கும். அம்மாவின் துண்டு பனியைத் துடைத்தது. அதிலிருந்த ஈரம் மறுபடி பனியாயிற்று.

## தானியங்கி ஏசி

24 என்று எண் வைத்தால் மற்றதைத் தானே பார்த்துக்கொள்ளும் வகை இது. 1964-லேயே கேடிலாக் கார்களில் வந்துவிட்டது. உள்வெப்பம், வெளிவெப்பம், வெயிலின் கடுமை மூன்றையும் அளந்து விசிறி, மடல்கள், கம்ப்ரசர் எல்லாவற்றையும் அது நகர்த்துகிறது. கொதிக்கும் காரில் ஏறி 24-க்குப் பதில் 18 வைத்தால் சீக்கிரம் குளிராது. இரண்டிலும் முதல் சில நிமிடங்கள் அது முழு மூச்சில்தான் வேலை செய்யும். 18 வைத்தால் 24-இல் நிற்காமல் போகும், அவ்வளவே. வெயிலை அளக்கும் சென்சார் டாஷ்போர்டு மேல், கண்ணாடி ஓரமாகச் சிறு கறுப்புக் குமிழாக இருக்கும். அதன்மேல் பிள்ளையாரை உட்கார வைத்தால் காருக்கு நாள் முழுவதும் நிழல்தான். வெயிலுக்கு ஏற்ற குளிர் வராது.

## நின்ற காரில் தூங்குவது

"காருக்குள் ஏசி கேஸ் கசிந்து மூச்சுத்திணறல்" என்று செய்தி வரும்போதெல்லாம் பழி அந்தக் கேஸ் மீது விழுகிறது. இப்படிப்பட்ட மரணங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கார்பன் மோனாக்சைடை. எஞ்சினில் எரிபொருள் முழுதாக எரியாதபோது புகையோடு வரும், நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு அது. மேலே பார்த்த கார்பன் டை ஆக்சைடு வேறு, இது வேறு. இது ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது.

ஓடும் கார் தன் புகையைப் பின்னால் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. நின்றபடி எஞ்சின் ஓடினால் புகை அங்கேயே தேங்குகிறது, அதுவும் மூடிய ஷெட்டிலும் அடித்தள வாகன நிறுத்தத்திலும் மிக வேகமாக. வாசலில் தள்ளும் காற்றும் கொல்லையில் இழுக்கும் காற்றும் இல்லாத அந்த நிலையில், வண்டியைச் சுற்றி நிற்பது எதுவோ அதுதான் மெல்ல உள்ளே வரும். சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தால் அது காரின் அடியிலிருந்தே ஏறும். வளைந்த அம்பு வாசலை மட்டும்தான் மூடுகிறது. தரையின் துளைகளையும் கதவின் இடுக்குகளையும் அது மூடுவதில்லை.